ஸரூக்கின் வருகைச் சீட்டு

போயாவுக்கு முந்தின நாள் வந்துவிட்டால் ஸரூக்குக்குக் காலில் எறும்பு ஊறத் தொடங்கிவிடும்.

அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. பிறைக் கணக்கில் வாரத்துக்கு ஒரு தடவை வருகிற போயா நாள்தான் லீவு. அதற்கு முந்தின நாள் அரை நாள். வாரம் சந்திரனைப் பார்த்து நடந்தது. அன்றைக்குப் பண்டாரவளைக் கடைக்காரர்கள் பகல் ஒரு மணிக்கே கதவுப் பலகைகளைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, ஒரு கண் உறங்கி எழும்புவார்கள். ஸரூக் மட்டும் உறங்கமாட்டான். அவன் விற்பது ஆணியும் பெயின்டும். ஆனால் அவனை ஓர் இடத்தில் அறைந்து வைக்கிற ஆணி இதுவரை எந்தப் பெட்டியிலும் வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் தொடை ஆடும். தொடை ஆடினால் மடியிலிருக்கிற மர்லியா ஆடுவாள். மர்லியா ஆடினால் சோற்றுக் கோப்பை ஆடும். ஒன்றரை வயது மகள். முகம் உம்மாவைப் போல, கால் வாப்பாவைப் போல. அவளும் ஓரிடத்தில் இருக்கமாட்டாள்.

“கொஞ்சம் காலைச் சும்மா வெச்சிக்கிட்டுத் தின்னுங்களேன்,” என்பாள் ஹம்ஸியா. “பக்கத்து வீட்டு அங்கம்மா, பூமி அதிருதான்னு கேக்கிறா.”

“எனக்கு நேரமாச்சு.”

“இப்பதான் ஒண்ணரை. கூட்டம் நாலு மணிக்கு.”

“முன்கூட்டிப் போறதுதான் ஒழுக்கம்.”

“அந்த ஒழுக்கத்தில கொஞ்சம் எடுத்து அந்தக் குழாய்க்கு வாசர் போட்டா நல்லம். ரெண்டு மாசமா ஒழுகுது.”

குழாய் சத்தம் ஸரூக்குக்குக் கேட்காது. அவன் காதில் கழகத்தின் மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பண்டாரவளை நல்லெண்ணச் சேவைக் கழகம் பேக்கரிக்கு மேல்மாடியில் கூடியது. இருபத்திரண்டு அங்கத்தவர்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் இருந்தார்கள். வெளியே கடைக்குக் கடை முறைத்துக்கொண்டாலும் உள்ளே வந்தால் ஒருவருக்கொருவர் சகோதரர். தலைவர் ஸஹாப்தீன் மாஸ்டர் மணி அடிப்பார். செயலாளர் மாரிசாமி பெயர் கூப்பிடுவார். மாரிசாமிக்குப் பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை. விடியற்காலைப் பெரட்டில் இருநூறு பேரை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணிப் பழகிய குரல் அது. “சகோதரர் ஸரூக்!” என்று அவர் கூப்பிட்டால் கீழே பேக்கரியில் பாண் சுடுகிறவன்கூட “வந்திருக்கேன்” என்று சொல்லிவிடுவான்.

பெயர் கூப்பிட்ட பிறகு சேவை. சேவைக்குப் பிறகு தேத்தண்ணியும் கட்லட்டும். இப்போதைய சேவை, பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் உட்காருகிற மரவாங்குக்குப் பெயின்ட் அடிப்பது. ஆறு கூட்டமாக அது நடக்கிறது. பச்சையா நீலமா என்பதில் இரண்டு கட்சி. பச்சைக்குப் பதினொரு பேர், நீலத்துக்குப் பதினொரு பேர். வாங்கு இன்னும் வெறும் மரமாகவே மழையில் நனைந்துகொண்டிருந்தது. பெயின்ட் டின் இரண்டும் ஸரூக் கடையில் தயாராக இருந்தன.

ஸரூக்குக்கு வாங்கைப் பற்றிக் கவலை இல்லை. அவனுடைய கவலை எல்லாம் நீல நாடாவில் தொங்குகிற அந்தப் பித்தளைப் பதக்கத்தில். அது தலைவரின் கழுத்தில் கிடப்பது. வருகிற மாதம் மாஸ்டர் இறங்குகிறார். அடுத்தது உப தலைவர் ஸரூக். பேச்சு முடிந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் கோட்டும் தைத்தாயிற்று. அதைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, பதக்கம் இருக்கிற மாதிரி நெஞ்சைத் தடவிப் பார்ப்பான். மர்லியா கைதட்டுவாள்.

கழகத்தின் சட்டங்களில் முக்கால்வாசி அவன் கொண்டுவந்ததுதான். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பெயரை வெட்ட வேண்டும், லீவுக் கடிதம் செல்லாது என்ற சட்டம் அவனுடையது. ஒரு கூட்டம் தவறினால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் சகோதரக் கிளை எதுவானாலும் போய் உட்கார்ந்து, அங்கத்தைய செயலாளரிடம் வருகைச் சீட்டு வாங்கி வந்தால் அந்தத் தவறு சரியாகிவிடும் என்பதும் அவனுடைய சட்டம்தான். அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் சேவை அல்ல. அப்புத்தளைக்கும் பதுளைக்கும் ரயிலேறிப் போக ஒரு சாட்டு வேண்டியிருந்தது. பாதியில் எழும்பிப் போனால் சீட்டுக் கிடையாது, சீட்டை உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுக்க வேண்டும், கூட்டத்துக்குக் குடும்பத்தாரைக் கூட்டி வரக்கூடாது, இவையும் அவனுடையவை. கடைசிச் சட்டம், அங்கத்தவர் இராசையா தன் மூன்று பொடியன்களைக் கூட்டி வந்து கட்லட் முழுவதையும் காலி பண்ணிய அன்றைக்குக் கொதியோடு கொண்டுவந்தது.

இந்தச் சட்டமெல்லாம் அழகாக ஒரு கொப்பியில் எழுதப்பட வேண்டும் என்றார் மாஸ்டர். ஸரூக்கின் எழுத்தைப் பார்த்தால் மை கொட்டி எறும்பு நடந்த மாதிரி இருக்கும். ஹம்ஸியா அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்து குண்டு குண்டாக, கோர்த்த மணி மாதிரி. அவன் சொல்லச் சொல்ல, பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே அவள் எழுதினாள். நடுவில் ஒரு தடவை கேட்டாள்.

“‘எதுவானாலும்’னு போடணுமா? எந்தக் கிளையானாலும் சரியா?”

“எந்தக் கிளையானாலும் சரி. எழுது.”

எழுதினாள். நன்றாக அழுத்தி எழுதினாள்.

வினை வந்தது ஒரு பேச்சினால். அப்புத்தளையிலும் பதுளையிலும் மகளிர் கிளை இருக்கிறது, நம் ஊரில் இல்லையே என்று மாஸ்டர் குறைப்பட்டார். ஸரூக் துள்ளி எழும்பினான். எழும்புவதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தால் அவன் விடமாட்டான்.

“பெண்கள் வெளியே வரவேண்டும்! அடுப்படிக்குள்ளேயே கிடந்தால் நாடு எப்படி முன்னேறும்? சேவைக்கு ஆணென்ன, பெண்ணென்ன?”

இருபத்தொரு பேரும் கைதட்டினார்கள். ஸரூக் நெஞ்சைத் தடவினான். பெண்கள் என்று அவன் மனதில் இருந்ததெல்லாம் மற்றவர்களின் மனைவிமார்.

அடுத்த நாள் பின்னேரம் மாஸ்டரின் மனைவி ரஹ்மத்தும்மா குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“ஹம்ஸியா எங்க, மகன்? ஒங்கட பேச்சைப் பத்தி மாஸ்டர் சொன்னார். மாஷா அல்லாஹ்! தொடக்கத்தை ஒங்கட வூட்டில இருந்தே வெப்போம்னு வந்தேன்.”

ஸரூக் கதவை அகலத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மகளிர் கிளையும் அதே நாளில், அதே நாலு மணிக்கு, மாஸ்டர் வீட்டில் கூடியது. முதற் கூட்டத்தன்றைக்கு ஸரூக் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான். கதவு பூட்டி இருந்தது. சாவி அவளிடம். மலைக் குளிரில் படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காலை ஆட்டினான். அங்கம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க ஸரூக் நானா, வெளியில நிக்கிறீங்க?”

“காத்து வாங்கிறேன்.”

“காத்து நல்லாத்தான் வருது. வாய் நீலமாப் போச்சே.”

ஹம்ஸியா மர்லியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுக்கிறார்களாம். நாளைக்கே கொடுக்கிறார்களாம்.

“நாளைக்கா? குழு போட்டீங்களா? அறிக்கை வந்திச்சா?”

“குழு என்னத்துக்கு? பிள்ளைகளுக்குச் சிலேட்டு இல்ல. எங்கக்கிட்ட சிலேட்டு இருக்கு.”

அன்றிரவு ஸரூக் ஒரு பெரிய சபதம் எடுத்தான். நேரே போகாதே என்று சொல்ல முடியாது. சொன்னால் ரஹ்மத்தும்மா மாஸ்டரிடம் சொல்லுவார். மாஸ்டர் பதக்கத்தை வேறு கழுத்தில் போடுவார். சத்தமில்லாமல் செய்ய வேண்டும். மகளிர் கிளைக்கும் அதே சட்டக் கொப்பிதான். மூன்று கூட்டம். மூன்றே மூன்று கூட்டத்துக்கு அவளைப் போகவிடாமல் செய்தால், பெயர் தானாக வெட்டுப்படும். சட்டம் வெட்டும். அவன் கை சுத்தம்.

முதலாவது வாரம் வெலிமடைக்கு ஆள் அனுப்பினான். மர்ஸூக் மாமாவும் மாமியும், அவர்களின் இரண்டு மகள்மாரும் போயாவுக்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கினார்கள். விருந்தாட்களை வைத்துவிட்டு ஹம்ஸியா எங்கே போவாள்? அவள் போகவில்லை. புரியாணிச் சட்டியோடு நின்றாள். ஸரூக் சிரித்துக்கொண்டே மூன்றரை மணிக்குத் தொப்பியை எடுத்தான். மாமா அவன் கையைப் பிடித்தார்.

“எங்க போற? நாலு வருஷத்துக்குப் பொறகு வந்திருக்கேன். இரி. என்ட மூட்டு வருத்தத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேனே, அது மொதல்ல இடது முழங்கால்லதான் தொடங்கினது.”

வலது முழங்காலுக்கு வரும்போது மணி ஆறு. ஸரூக்குக்கு ஒரு கூட்டம் போயிற்று.

பரவாயில்லை, நாளைக்கு அப்புத்தளைக் கிளைக்குப் போய்ச் சீட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணினான். விடிந்ததும் ஹம்ஸியா வந்து நின்றாள்.

“இஞ்சப் பாருங்க, மாமியும் மகள்மாரும் அப்புத்தளை மலையைப் பாக்கணுமாம். ரயில்ல கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாறேன். மர்லியாவுக்கு ரயில்ல வாந்தி வரும். நீங்க வெச்சிக்கிறீங்களா? மாமாவுக்கும் துணையா இருக்கும்.”

வெலிமடையிலிருந்து அவர்களை வரவழைத்தது அவன். மறுப்பது எப்படி? அன்று முழுவதும் ஒரு மடியில் மர்லியா, எதிரில் மாமாவின் இடுப்பு வலி. பெண்கள் பின்னேர ரயிலில், மூடுபனியெல்லாம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் அவளுக்கும் ஒன்று போய்விட்டதே! ஸரூக் அதை எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டான்.

இரண்டாவது வாரம் அவன் காய்ச்சலில் விழுந்தான். அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கம்பளியை இழுத்துப் போர்த்து, “அல்லாஹ்வே” என்று மூன்று தடவை சொன்னான். தன் கூட்டமும் போகும் என்று தெரியும். போகட்டும். அவளுக்கு இரண்டு, தனக்கு இரண்டு. மூன்றாவதுக்கு அவன் போவான், அவள் போகமாட்டாள்.

ஹம்ஸியா நெற்றியில் கை வைத்தாள்.

“சுடல்லியே.”

“உள்ளுக்குள்ள சுடுது.”

“உள்ளுக்குள்ளயா? அப்ப அது பெரிய காய்ச்சல்.” அவள் முகம் கவலையாக மாறியது. “நான் எங்கயும் போகல்ல. கஞ்சி வைக்கிறேன்.”

கஞ்சி வந்தது. கஞ்சிதான் வந்தது. அடுத்த நாளும் கஞ்சி. அதற்கு அடுத்த நாளும் கஞ்சி. பக்கத்து வீட்டிலிருந்து அங்கம்மா பொரித்த நெத்தலிக் கருவாட்டு வாசம் ஜன்னலால் வந்து அவனைத் தொட்டுவிட்டுப் போனது. கம்பளிக்குள்ளே இரண்டு காலும் சைக்கிள் மிதித்தன.

“நடுக்கம் குறையல்லியே,” என்றாள் ஹம்ஸியா. “பதுளையில ஒரு வைத்தியர் இருக்காராம். உள்காய்ச்சலுக்கு அவர்ட கசாயம்தானாம். காலையில போய் வாங்கிட்டு வந்திர்றேன். மர்லியாவை ஒங்கட பக்கத்தில படுக்க வைக்கிறேன். நீங்க எப்படியும் படுக்கையிலதானே?”

“எனக்கு இப்பக் கொஞ்சம் சுகம் ஹம்ஸியா...”

“உள்காய்ச்சல் அப்படித்தான். சுகம் மாதிரி காட்டும்.”

மர்லியா அவன் வயிற்றில் ஏறி நின்று பகல் முழுவதும் குதித்தாள். பின்னேரம் ஹம்ஸியா ஒரு போத்தலோடு வந்தாள். கறுப்பு நிறம். ஒரு மிடறு உள்ளே போனதும் ஸரூக்குக்குத் தன் வாப்பாவின் வாப்பா பெயர்கூட நினைவுக்கு வந்தது. மூன்று நாள், மூன்று வேளை. வேப்பங்காயைத் தேனில் போட்டுத் தின்றிருக்கலாம் போலிருந்தது. அந்த வாரம் சீட்டு வாங்க அவன் எங்கே போவான்? சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதே பெரும்பாடு.

மூன்றாவது வாரம். இது கடைசி. இந்தக் கூட்டம் தவறினால் பதக்கமும் இல்லை, பெயரும் இல்லை. மாரிசாமி சிவப்பு மையில் கோடு போடுவார். அவருடைய கோடு மிக நேராக இருக்கும்.

ஸரூக் யோசித்து யோசித்துக் கடையில் இருபது தரம் நடந்தான். காலையில் ஹம்ஸியா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் வெளியே உடுத்துகிற மூன்று சேலையையும் சுருட்டி டோபியிடம் கொடுத்தான். “நல்லா வெளுத்து, போயாவுக்குப் பொறகு தந்தாப் போதும்.” கோட்டையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்துவிட்டான். பகலுக்கு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு துண்டுப் பாணும் வாழைப்பழமும். கடையிலிருந்து நேரே கூட்டம். அவள் பிள்ளையோடு வீட்டில். சட்டம் தன் வேலையைச் செய்யும்.

மூன்றரை மணிக்குக் கோட்டைப் போட்டான். பொத்தானைப் பூட்டினான். கடைசிக் கதவுப் பலகையைத் தூக்கினான். அப்போது தெருவில் யாரோ மணப்பெண் வருகிற மாதிரி இருந்தது. குங்குமச் சிவப்புப் பட்டு, கையகலச் சரிகை. பூனாகலைத் தோட்டத்தில் நடந்த அங்கம்மாவின் கல்யாணத்துக் கூறைச்சேலை. உள்ளே ஹம்ஸியா. முந்தானை தலையை மூடியிருந்தது. இடுப்பில் மர்லியா.

“என்ட சேலையெல்லாம் காணல்ல,” என்றாள். “எப்படியோ டோபிக்குப் போயிருக்கு. அங்கம்மாதான் தந்தா. நல்லாரிக்கா?”

நன்றாகத்தான் இருந்தது.

“இந்தாங்க, பிள்ளையை ஒரு நிமிஷம் பிடிங்க. செருப்பு வார் அறுந்துபோச்சு. அந்த மூலையில தைக்கக் குடுத்துட்டு வந்திர்றேன். கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்குத்தானே?”

அவன் யோசிக்குமுன் மர்லியா அவன் கையில் இருந்தாள். ஹம்ஸியா மூலையில் திரும்பினாள்.

பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். ஸரூக் செருப்புத் தைப்பவரிடம் ஓடினான்.

“அந்தம்மாவுங்களா? செருப்பு ஒண்ணும் குடுக்கலீங்களே. மேட்டுப் பாதையில விறுவிறுன்னு போனாங்க. பட்டுச் சேலை. யாருக்குங்க கல்யாணம்?”

மணி நாலாக ஐந்து நிமிஷம். ஸரூக் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரி மாடிப்படியில் ஏறினான். வாசலில் மாரிசாமி பெயர் கூப்பிடுகிற இடாப்போடு நின்றார்.

“வாங்க சகோதரர். ரெண்டு வாரமாக் காணோமே. பாப்பா எங்க போவுது?”

“இதுவும் என்னோடதான்.”

“குடும்பத்தாருக்கு அனுமதி இல்லீங்களே. ஒன்பதாவது சட்டம்.”

“அது இராசையாட பொடியன்களுக்காகக் கொண்டுவந்தது!”

“சட்டத்தில அப்படி எழுதலீங்க. நீங்கதானே ‘ஒருவரும்’னு போடச் சொன்னீங்க.”

“ஒண்ணரை வயசுப் பிள்ளை! கட்லட் தின்னாது!”

மர்லியா மாரிசாமியின் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை இழுத்து வாயில் வைத்தாள். உள்ளேயிருந்து இராசையாவின் குரல் வந்தது: “அன்னைக்கு எம் பொடியன்களும் சின்னப் பிள்ளைகதான்!”

மாஸ்டர் எழும்பி வந்தார். நல்ல மனிதர்.

“சட்டம்னா சட்டம்தான் ஸரூக். ஒண்ணு செய்றேன். மணியைக் கால் மணி நேரம் தள்ளிவைக்கிறேன். பிள்ளையை யார்க்கிட்டயாவது குடுத்துட்டு ஓடி வாங்க.”

யாரிடம் கொடுப்பது? இப்போது அங்கம்மாவும் மகளிர் கிளையில் சேர்ந்துவிட்டாள், அங்கேதான் போயிருப்பாள். ஊரே மகளிர் கிளைக்குப் போயிருக்கிறது. மாஸ்டர் வீடு மேட்டில். ஸரூக் ஓடினான். மூன்று நாள் கசாயம் முழங்காலை வாங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரும்போது மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மரவாங்கில் தொப்பென்று உட்கார்ந்தான். சாய்ந்தான். வாங்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு கடதாசியை மர்லியா பிய்த்துச் சப்பத் தொடங்கினாள். ஸரூக் அதை அவள் வாயிலிருந்து பிடுங்கினான். குண்டு குண்டு எழுத்து. கோர்த்த மணி மாதிரி.

‘பெயின்ட் காயவில்லை. உட்கார வேண்டாம். மகளிர் கிளை.’

இத்தனை கூட்டமாக முடியாதது முடிந்திருந்தது. அவன் எழும்பினான். வாங்கு அவனை லேசில் விடவில்லை. சாம்பல் கோட்டின் முதுகில் நாலு பச்சைக் கோடு. பச்சைக் கட்சி வென்றிருந்தது.

மாஸ்டர் வீட்டு வாசலில் ஹம்ஸியா நின்றாள், அவனுக்காகவே நிற்கிற மாதிரி.

“வாங்க. எங்க இன்னும் காணல்லன்னு பாத்தேன்.”

“பிள்ளையைப் பிடி! எனக்குக் கூட்டம்! இது மூணாவது!”

“தெரியும்,” என்றாள். பிள்ளையை வாங்கவில்லை. கீழே பேக்கரி மாடியில் மணி அடித்தது. மலைக் காற்றில் அது தெளிவாக மேலே வந்தது. ஸரூக் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கால்கூட ஆடவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவன் முதுகைப் பார்த்துவிட்டு, “ஐயோ, வாங்கு நடந்து வந்திருக்கு!” என்றாள். வீடு முழுக்கச் சிரிப்பு.

“முடிஞ்சிது,” என்றான் ஸரூக். “பேர் போச்சு. ஒனக்கும்தான். ஒனக்கும் ரெண்டு கூட்டம் தவறினது. இன்னைக்கு வந்து என்ன? நீயும் ஒரு...”

ஹம்ஸியா பட்டு முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு சீட்டுகளின் பிரதிகளை அவன் முன்னால் விரித்தாள்.

“இது அப்புத்தளை. மாமியையும் மகள்மாரையும் கூட்டிக்கிட்டுப் போனேனே, அன்னைக்கு. மூணு பேரும் விராந்தையில இருந்து கூட்டத்தைக் கேட்டாங்க, நல்லாப் பிடிச்சிருந்திச்சு. வெலிமடையிலயும் ஒண்ணு தொடங்கப் போறாங்களாம். இது பதுளை. கசாயம் வாங்கப் போன நாள். எனக்கு ஒண்ணும் தவறல்ல.”

ஸரூக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றுக்குச் சாட்டு அவன் அழைத்த விருந்தாளிகள். மற்றதுக்கு அவனுடைய காய்ச்சல். இரண்டுக்கும் பிள்ளை பார்த்தது அவன்.

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“மாமாவைக் கூப்பிட ஆள் அனுப்பின அன்னைக்கே. மாமா கதைக்கத் தொடங்கினா நீங்க முன்வாசலால வந்து பின்வாசலால ஓடுற ஆள். நீங்களே கூப்பிட்டா அதில என்னமோ இருக்குன்னு நெனைச்சேன்.” அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. “நீங்க வாரத்தில ஒரு நாள் ஓடுறீங்க. எனக்கும் அப்படி ஒரு நாள் இருந்தா என்ன? எனக்கும் கால் இருக்கு.”

ஸரூக் பதக்கம் இல்லாத நெஞ்சைத் தடவினான்.

“என்ட பேர்...” என்றான். குரல் மர்லியாவின் குரல் மாதிரி வந்தது.

“ஒங்கட பேரா? அதுக்கு வழி இருக்கே. ‘சகோதரக் கிளை எதுவானாலும்.’ நீங்க சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். மகளிர் கிளையும் கிளைதான். நீங்க இப்ப வந்திருக்கீங்க. முடியுற வரைக்கும் இருந்தீங்கன்னா சீட்டுத் தருவம். மூணு தொடர்ந்து வராது. பேர் நிக்கும்.”

ஸரூக்குக்கு உயிர் திரும்பியது. “சீட்டு யார் எழுதுற?”

“செயலாளர்.”

“யார் செயலாளர்?”

ஹம்ஸியா பேனாவை எடுத்துக் காதோரத்தில் செருகினாள்.

“ஆனா உள்ளுக்கெல்லாம் பொம்பளைகள். நீங்க விராந்தையில இருங்க. ஒன்பதாவது சட்டப்படி பிள்ளைகளும் அங்கதான் இருக்குதுகள். அதுகளைப் பாக்க ஒவ்வொரு வாரமும் எங்கள்ல ஒருத்தர் கூட்டத்தை விட்டுட்டு இருக்க வேண்டியிருக்கு. பாதியில எழும்பிப் போனா...”

“சீட்டுக் கிடையாது,” என்றான் ஸரூக். “தெரியும். நான் கொண்டுவந்த சட்டம்.”

விராந்தையில் மர்லியாவோடு ஒன்பது பிள்ளைகள். ஒன்று அழுதது. அதைப் பார்த்து இரண்டாவது அழுதது. ஒன்று தூணில் ஏறியது. ஒன்று அவன் முதுகுப் பச்சையில் விரலை வைத்து சுவரில் படம் போட்டது. ஸரூக் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தான். பழக்க தோஷம், தொடை ஆடத் தொடங்கியது. அழுத பிள்ளையைத் தூக்கி அதில் வைத்தான். அழுகை நின்றது. மற்றத் தொடையில் இன்னொன்றை வைத்தான். அதுவும் கண்ணை மூடியது. ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றினான். உள்ளே கணீரென்று ஹம்ஸியாவின் குரல், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. கூட்டம் முடியும்போது விராந்தையில் எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உறங்கின. மர்லியா மட்டும் உறங்கவில்லை. அவள் அவனுடைய பிள்ளை.

ரஹ்மத்தும்மா எட்டிப் பார்த்து வாயில் விரலை வைத்தார். “மகன், இந்தக் காலை இத்தனை நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?”

ஹம்ஸியா சீட்டை உறையில் போட்டு, நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டி, அவன் கையில் தந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு ஸரூக் கோட்டோடு போனான். டோபி முடிந்தவரை உரசியும் பச்சைக் கோடு முழுதாகப் போகவில்லை. அன்று எல்லாரையும் முந்தி, மாரிசாமி கையில் உறையை வைத்தான். தலை நிமிர்ந்து உட்கார்ந்தான். இராசையா பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மாஸ்டரின் மேசைமேல் பதக்கம் மின்னியது.

மாரிசாமி உறையைக் கிழித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெரட்டுக் குரலில், கீழே பேக்கரிக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“‘சகோதரர் ஸரூக் எங்கள் கிளைக் கூட்டத்துக்கு வந்தார். முடியும்வரை இருந்தார்.’ சரிங்க, சட்டப்படி இது செல்லும். பேர் நிக்குது.”

கைதட்டல். ஸரூக் எழும்பி நெஞ்சைத் தடவினான்.

“கொஞ்சம் இருங்க, இன்னும் ரெண்டு வரி இருக்கு,” என்றார் மாரிசாமி. “‘ஒன்பது பிள்ளைகளைப் பார்த்தார். எட்டுப் பேரை உறங்க வைத்தார்.’”

மாடி முழுக்கச் சிரித்தது. இராசையா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாரிசாமி மட்டும் சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தையும் நிதானமாக வாசித்தார்.

“‘வருஷக் கடைசி வரைக்குமான சீட்டுகள் இப்போதே எழுதி என்னிடம் இருக்கின்றன. இனி ஒவ்வொரு வாரமும் நாலு மணிக்குச் சகோதரர் எங்கள் விராந்தையில் இருப்பார்; பிள்ளைகள் உறங்கிய பிறகு சீட்டுத் தரப்படும். இப்படிக்கு, ஹம்ஸியா ஸரூக், செயலாளர்.’”